வலது பின்மூலை

பேட்மிண்டன் ஆடாதவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "நீ இடது கையாலதானே ஆடுற? அந்தக் கை நல்லாத்தானே இருக்கு? அப்புறம் எதுக்குப் பாரா பிரிவுல ஆடணும்?" கேட்பவர்களிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மட்டை பிடிக்காத கைக்கு ஆட்டத்தில் என்ன வேலை என்று அவர்கள் யோசித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். இரண்டு கையும் வழங்குகிறவர்களுக்கு அதை யோசிக்க வேண்டிய தேவையே வருவதில்லை. அந்தக் கை அதுபாட்டுக்குத் தன் வேலையைச் செய்துவிட்டுப் போகிறது.

அந்த வேலை என்னவென்று எனக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். தலைக்கு மேலே உயர்ந்து வரும் ஷட்டிலை அடிக்கப் போகிறவர் பக்கவாட்டில் திரும்பி நிற்கிறார். மட்டை இருக்கும் கை பின்னால் போகிறது. மற்றக் கை மேலே எழும்பி, இறங்கி வரும் ஷட்டிலைச் சுட்டுவது போல நிற்கிறது. உடலின் எடையைப் பின்காலில் நிறுத்தி வைப்பது அந்தக் கைதான். ஷட்டில் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கண்ணுக்கு அளவு சொல்வதும் அதுதான். அடிக்கும் நொடியில் அது விலாவை நோக்கிக் கீழே இழுபடுகிறது. அந்த இழுப்பில் இடுப்பும் தோளும் சுழன்று மட்டைக்கு வேகம் வருகிறது. வலையோரம் விழும் ஷட்டிலை எடுக்க முன்னால் பாயும்போது அதே கை பின்னால் நீண்டு, ஆளைக் குப்புற விழாமல் காக்கிறது; திரும்ப நடு ஆடுகளத்துக்கு வந்து சேரவும் உதவுகிறது.

என் வலது கை தோள் உயரத்துக்கு எழாது. பிறக்கும்போது தோள் மாட்டிக்கொண்டதில், கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கற்றை இழுபட்டுச் சேதமாகிவிட்டது. மருத்துவர்கள் இதை எர்ப்ஸ் பால்ஸி என்கிறார்கள். விரல்கள் பிடிக்கும், முழங்கை ஓரளவு மடங்கும், தோள் மட்டும் வராது. அதனால் என் ஸ்மாஷ் முழுக்க இடுப்பிலிருந்து கிளம்ப வேண்டும். அடித்துவிட்டுத் தரையிறங்கும்போது உடல் வலப்பக்கம் சாய்கிறது. அந்தச் சாய்வைப் பிடித்து நிறுத்த அந்தப் பக்கம் ஆள் இல்லை.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஆட்டத்தின் விதி என் கைக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. சர்வீஸ் போடும்போது, மட்டை படும் நொடியில் ஷட்டில் முழுவதும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது 2018 முதல் சர்வதேச ஆட்டங்களில் உள்ள விதி. இரண்டு கையும் நன்றாக உள்ளவர்கள் அந்த உயரத்துக்குக் கையை இறக்கிப் பழகுகிறார்கள். என் கை எப்போதும் அங்கேதான் இருக்கிறது. முழங்கையை இடுப்போடு அணைத்து, இறகின் நுனியை இரண்டு விரலால் பிடித்தால் போதும். அசையாத கை என்பதால் ஷட்டில் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்திலிருந்து விழும். என் சர்வீஸ் நன்றாக இருக்கிறது என்று எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்லியிருக்கிறார்கள். அது தேற்றுவதற்காகச் சொன்னதில்லை.

பள்ளியில் விளையாட்டு வகுப்பு வந்தால் என்னை உட்காரச் சொல்வார்கள். வேப்பமரத்தடித் திண்டில் உட்கார்ந்து மற்றவர்களின் வாட்சையும் தண்ணீர் பாட்டிலையும் பார்த்துக்கொள்வேன். யாரும் என்னைத் துரத்தவில்லை, கேலி செய்யவில்லை. "நீ ஏம்மா வெயில்ல கஷ்டப்படுற" என்று டீச்சர் சொன்னது உண்மையான அக்கறையோடுதான். அந்த அக்கறைக்கு ஒரு இயல்பு உண்டு: அது உற்றுப் பார்க்காது. கையில் என்னவோ கோளாறு என்று தெரிந்தவுடன் அதற்கு விஷயம் முடிந்துவிடும். கை எவ்வளவு தூக்கும், எந்தப் பக்கம் திரும்பும், ஓட முடியுமா, எறிய முடியுமா என்று அது கேட்காது. கேட்பது மரியாதைக் குறைவு என்று அதற்குத் தோன்றும். இப்படித்தான் கால்கள் இரண்டும் முழு பலத்தோடு இருந்த ஒரு சிறுமி ஓட்டப் பந்தயம் எதிலும் ஓடாமல் பள்ளிப் படிப்பை முடித்தாள்.

இதன் மறுபக்கத்தை மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கான முகாமில் பார்த்தேன். அங்கே பார்க்கத்தான் கூப்பிடுகிறார்கள், ஆனால் பார்க்கிற கண்ணுக்கு ஒரே ஒரு எண்தான் வேண்டும். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 40 விழுக்காடு இருந்தால்தான் உயர்கல்வியில் 5 விழுக்காடு ஒதுக்கீட்டிலும் அரசு வேலையில் 4 விழுக்காடு ஒதுக்கீட்டிலும் கேட்க முடியும். 39 என்று எழுதிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். வரிசையில் நிற்கும்போது அம்மா என் காதில் சொன்னாள்: "கையை ரொம்பத் தூக்காத. முடிஞ்சாலும் தூக்காத." அம்மாவை ஏமாற்றுக்காரி என்று எவரும் சொல்லிவிட முடியாது. வீட்டில் தினமும் எண்ணெய் தேய்த்து, "தூக்கு, இன்னும் கொஞ்சம் தூக்கு" என்று அந்தக் கையைத் தூக்க வைத்தவளும் அவள்தான். மகளுக்கு ஒரு சீட்டும் ஒரு வேலையும் கிடைப்பது அந்தக் கை எவ்வளவு வராமல் இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்றானபோது, அவள் வேறென்ன சொல்லியிருக்க முடியும்? மேசையில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார், கையைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினார், எழுதினார். அடுத்த ஆள்.

இந்த இரண்டு பார்வைகளுக்கும் பழகிய உடம்போடுதான் கல்லூரி இரண்டாம் ஆண்டில் ஒரு தேசியப் போட்டிக்கு முந்தைய நாள் வகைப்பாட்டு அறைக்குள் போனேன். பாரா பேட்மிண்டனில் ஆறு பிரிவுகள். சக்கர நாற்காலிக்காரர்களுக்கு இரண்டு, கால்களில் குறைபாடு உள்ளவர்களுக்கு எஸ்.எல்.3, எஸ்.எல்.4, கைகளில் உள்ளவர்களுக்கு எஸ்.யூ.5, குள்ளமானவர்களுக்கு எஸ்.ஹெச்.6. சக்கர நாற்காலியிலும் எஸ்.எல்.3இலும் ஒற்றையர் ஆட்டம் பாதி ஆடுகளத்தில் நடக்கும். எஸ்.யூ.5 ஆட்டக்காரர்களுக்கு முழு ஆடுகளம். எந்தப் பிரிவு என்பதை ஆட்டக்காரர் சொல்லிவிட முடியாது, அளந்துதான் முடிவு செய்வார்கள்.

அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பிசியோதெரபிஸ்ட், மற்றவர் ஆட்டம் தெரிந்தவர். படுக்கச் சொன்னார்கள், உட்காரச் சொன்னார்கள், நிற்கச் சொன்னார்கள். தோள் எத்தனை டிகிரி முன்னால் எழுகிறது, எத்தனை டிகிரி பக்கவாட்டில் எழுகிறது, நானாகத் தூக்கினால் எவ்வளவு, அவர் பிடித்துத் தூக்கினால் எவ்வளவு என்று கோணமானி வைத்துப் பார்த்தார்கள். "என் கையைத் தள்ளுங்க. இன்னும். முழு பலத்தோட தள்ளுங்க" என்று ஒவ்வொரு தசையாக எதிர்த்துப் பிடித்து, பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை எண் போட்டார்கள். எனக்கே தெரியாத தசைகளுக்கெல்லாம் தனித்தனியாக எண் விழுந்தது. பிறகு ஆடச் சொல்லிப் பார்த்தார்கள். மறுநாள் போட்டியிலும் ஓரத்தில் நின்று பார்த்தார்கள்.

அங்கே எனக்கு அழுகை வந்தது. அவமானத்தால் வந்த அழுகை என்று நினைத்துப் பிசியோதெரபிஸ்ட் தண்ணீர் கொடுத்தார். அவமானமே இல்லை. என் கையை ஒருவர் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு, இவ்வளவு விவரமாக, முகத்தில் ஒரு பரிதாபமும் இல்லாமல் பார்த்தது அதுதான் முதல் தடவை. இது முடியுமா, இது முடியாதா, முடிகிறது என்றால் எதுவரை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. நாளைக்கு எதிரே நிற்கப் போகிறவளுக்கு நியாயம் செய்ய வேண்டும் என்பதற்காகத் தெரிய வேண்டியிருந்தது.

முழு பலத்தோடு தள்ளாமல் இருப்பது அங்கே குற்றம். டோக்கியோ பாராலிம்பிக்கில் வட்டெறிதல் வீரர் வினோத் குமார் 2021 ஆகஸ்ட் 29 அன்று எஃப்52 பிரிவில் மூன்றாவதாக வந்தார். அவருடைய வகைப்பாட்டைக் கேள்வி கேட்டார்கள், மறுபடி சோதித்தார்கள், அந்தப் பிரிவுக்குத் தகுதி இல்லை என்று முடிவு வந்தது, பதக்கம் போனது. வேண்டுமென்றே திறனை மறைத்தார் என்று மறு ஆண்டு சர்வதேசப் பாராலிம்பிக் குழு 2 ஆண்டுத் தடையும் விதித்தது. அவர் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது, அதைப் பேச நான் ஆளில்லை. அந்தச் செய்தியைப் படித்தபோது என் காதில் கேட்டது அம்மாவின் குரல்தான். வாழ்க்கை முழுக்க, முடியாததைக் காட்டினால்தான் ஏதாவது கிடைக்கும் என்று கற்றுக்கொடுக்கும் ஒரு நாட்டிலிருந்து வந்து, முடிந்ததையெல்லாம் காட்டு என்று கேட்கும் ஓர் அறையில் நுழைவது சின்ன விஷயம் இல்லை.

வகைப்பாட்டின் இன்னொரு கொள்கை எனக்கு மிகவும் பிடித்தது. அது குறைபாட்டைத்தான் அளக்க வேண்டும், திறமையை அளக்கக் கூடாது. பயிற்சியால் நான் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அதற்காக யாரும் என்னை வேறு பிரிவுக்குத் தள்ள முடியாது. வெளியுலகில் இது நேர்மாறாக இருக்கிறது. ஒரு பதக்கத்தோடு படம் வந்துவிட்டால், "அதான் நல்லா விளையாடுறியே, உனக்கு எதுக்கு பஸ் பாஸ்?" என்று வகுப்பில் உள்ளவர்களே கேட்பார்கள்.

அந்தத் தேசியப் போட்டியில் என் முதல் ஆட்டம் ஈரோட்டிலிருந்து வந்த ஓர் அக்காவோடு. என்னைவிடப் பல ஆண்டு மூத்தவர், ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறவர், விசைத்தறிப் பட்டறை விபத்தில் இடது முழங்கைக்குக் கீழே இழந்தவர். வலது கையால் ஆடுவார். சர்வீஸ் போடும்போது இடது முழங்கை மடிப்பில் இறகை இடுக்கிக்கொண்டு, மடிப்பைத் தளர்த்தி ஷட்டிலை விழவிடுவார். பார்க்க அழகாக இருக்கும்.

ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அவர் என்னைப் படித்துவிட்டார். உயரமான டாஸ் ஒன்று என் வலது பின்மூலைக்கு வந்தது. இடது கை ஆட்டக்காரிக்கு அது பேக்ஹேண்ட் மூலை, எல்லோருக்கும் கஷ்டமான மூலைதான். நன்றாக ஆடுகிறவர்கள் உடம்பை வளைத்து, தலையைச் சுற்றி மட்டையைக் கொண்டுவந்து ஃபோர்ஹேண்டிலேயே எடுப்பார்கள். அப்படி வளையும்போது எதிர்ப்பக்கக் கை விரிந்து நின்றால்தான் உடம்பு நிற்கும். என் உடம்பு நிற்கவில்லை. ஷட்டில் பாதி தூரம்தான் போனது, அவர் வலையருகிலேயே அடித்து முடித்தார். அடுத்த புள்ளியும் அங்கேயே. அதற்கடுத்ததும் அங்கேயே. நடுவில் ஒன்று என் வலது இடுப்பை நோக்கி நேராக வந்தது, நான் ஒதுங்குவதற்குள் சட்டையில் பட்டது. அவர் கையைத் தூக்கி மன்னிப்புச் சொல்லிவிட்டு, திரும்பவும் அந்த மூலைக்கே போட்டார்.

என் வாழ்க்கையில் அதுவரை யாரும் என் வலது கையைக் குறிவைத்ததில்லை. பஸ்ஸில் அந்தப் பக்கம் இடிக்காமல் ஒதுங்குவார்கள். தோழிகள் என் இடப்பக்கம் நடப்பார்கள். உறவுக்காரர்கள் கல்யாண வீடுகளில் அந்தப் பக்கமே கண்ணைக் கொண்டுபோக மாட்டார்கள். இங்கே ஒருத்தர் அந்தக் கை வராத இடம் எது என்று கணக்குப் போட்டு, ஈவிரக்கமில்லாமல் அங்கேயே அடித்துக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க அந்த மூலைக்கு ஓடிக்கொண்டிருந்த எனக்கு உள்ளே ஏதோ நிமிர்ந்தது. என்னை ஒரு ஆட்டக்காரியாக எடுத்துக்கொண்டால்தான் ஒருவர் என் பலவீனத்தைத் தேடுவார். பரிதாபப்படுகிறவர்களுக்கு அது தேவைப்படாது.

இரண்டாவது கேமில் நானும் பார்க்கத் தொடங்கினேன். அக்கா முன்னால் பாய்ந்து வலது முன்மூலையில் எடுக்கும்போது, பின்னால் நீள வேண்டிய கை பாதியில் நிற்கிறது. அதனால் ஷட்டிலை எடுத்துவிட்டுத் திரும்பி வருவதற்கு அவருக்கு ஒரு கணம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. அந்த ஒரு கணம் எனக்குப் போதும். அங்கே ட்ராப் போட்டேன், அவர் எடுத்துத் தூக்கியதும் பின்னால் தள்ளினேன். மறுபடி ட்ராப். விபத்தில் கை இழந்த ஓர் அக்காவை, அந்தக் கை இல்லாத இடம் பார்த்து ஓடவிட்டுக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது எப்படித் தோன்றுகிறதோ, ஆடும்போது அது கொடூரமாகத் தோன்றவில்லை. எங்கள் இருவருக்குள் இருந்த மாதிரி நேர்மையான ஒரு பேச்சு அதுவரை என் உடம்பைப் பற்றி யாரோடும் நடந்ததில்லை.

இரண்டு கேமிலும் தோற்றேன். முடிந்ததும் வலைக்கு மேலே கை கொடுத்துவிட்டு அக்கா சொன்னார்: "அந்த மூலை காலியாக் கெடக்குது கண்ணு. இடுப்பத் திருப்பு, கால முன்னாடியே கொண்டுபோயிரு. அத மூடலீன்னா வர்றவங்க எல்லாம் அங்கதான் அடிப்பாங்க." சாயங்காலம் மைதானத்து வாசலில் டீ வாங்கிக் கொடுத்து, காலியான சிமென்ட் தரையில் எனக்கு அந்தக் காலடியைக் காட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு, டீ டம்ளரைச் சுவரில் வைத்துவிட்டு, வலது காலை எங்கே வைக்க வேண்டும் என்று திரும்பத் திரும்ப நடந்து காட்டினார். தாங்குகிற கை இல்லாவிட்டால் கால் முன்கூட்டியே அங்கே போய்ச் சேர வேண்டும். கை செய்வதைக் கால் செய்ய வேண்டும் என்றால் காலுக்கு முன்னறிவு வேண்டும். இதை எந்தப் பயிற்சியாளரும் எனக்குச் சொல்லவில்லை. அவர்களுக்கு இரண்டு கைகள் இருந்தன, அதனால் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஊர் திரும்பியதும் கல்லூரியில் பாராட்டு விழா. நான் ஓர் ஆட்டத்திலும் ஜெயிக்காமல் வந்திருந்தேன். மேடையில் சால்வை போட்டார்கள். சிறப்பு விருந்தினர், ஒரு கையை வைத்துக்கொண்டு இந்தப் பெண் இவ்வளவு செய்யும்போது இரண்டு கைகளும் உள்ள நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று மாணவிகளைப் பார்த்துக் கேட்டார். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஸ்கோர் என்ன என்று யாரும் கேட்கவில்லை. யாரிடம் தோற்றாய், எப்படித் தோற்றாய், அடுத்த தடவை என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கவில்லை. கல்லூரியின் கபடி அணி மண்டல அளவில் தோற்று வந்தபோது அவர்களை நிற்க வைத்துத் திட்டினார்கள். ஏன் ரைடு போனவள் போனஸ் கோட்டைத் தொடவில்லை என்று அரை மணி நேரம் விவாதம் நடந்தது. அந்தத் திட்டு எனக்கும் கிடைத்திருக்க வேண்டும். என் தோல்வியும் ஒரு தோல்வி. அதில் விவரங்கள் இருந்தன. அவற்றைக் கேட்க அந்த அரங்கத்தில் ஒருவர்கூட இல்லை.

பாராலிம்பிக் உயரம் தாண்டுதல் வீரர் மாரியப்பன் தங்கவேலுவைப் பற்றிப் பேசும்போதும் இதுதான் நடக்கிறது. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி, பள்ளிக்குப் போகும் வழியில் சிறு வயதில் வலது காலில் ஏறிய பேருந்து, காய்கறி விற்று வளர்த்த அம்மா, 2016இல் ரியோவில் தங்கம். கதை அங்கே முடிந்துவிடுகிறது. அவர் ரியோவில் 1.89 மீட்டர் தாண்டினார், டோக்கியோவில் 1.86 தாண்டி வெள்ளி வாங்கினார், 2024இல் பாரிஸில் 1.85 தாண்டி வெண்கலம் வாங்கினார். மூன்று போட்டிகளிலும் பதக்க மேடை. டோக்கியோவில் அவரை 2 சென்டிமீட்டரில் முந்திய சாம் க்ரூ, நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் படித்தவர். பாரிஸில் 1.94 தாண்டி முதலில் வந்த எஸ்ரா ஃப்ரெச், தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தடகள அணியில் சேர்ந்த மாணவர். செயற்கைக் காலோடு தாண்டும், பல்கலைக்கழகங்களின் பின்பலம் உள்ள இளைஞர்களோடு இவர் எட்டு ஆண்டுகள் அதே கம்பிக்கு முன்னால் நின்றிருக்கிறார். டோக்கியோவில் 1.88ஐத் தாண்ட முடியாமல் போனதற்கு அவர் பேட்டியில் சொன்ன காரணம் எனக்கு மறக்காது: மழை பெய்ததில், அடிபட்ட காலில் போட்டிருந்த காலுறை நனைந்துவிட்டது, அதோடு எழும்புவது கடினமாக இருந்தது. ஈரக் காலுறை. ஒரு விளையாட்டு வீரர் தன் தோல்வியைப் பற்றிச் சொல்லக்கூடிய மிகச் சரியான வாக்கியம் அது. பேருந்து விபத்தைப் பற்றி எழுதியவர்களில் எத்தனை பேர் அந்தக் காலுறையைப் பற்றி எழுதினார்கள்?

2024 செப்டம்பர் 1 அன்று பாரிஸில் எஸ்.யூ.5 பெண்கள் அரையிறுதி. காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசனும் திருவள்ளூர் மாவட்டத்து மனிஷா ராமதாஸும் எதிரெதிரே. விடுதியில் என் அறையில் ஆறேழு பேர் கைப்பேசியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். "ரெண்டும் நம்ம பிள்ளைங்க, யார் தோத்தாலும் கஷ்டமா இருக்கும்ல" என்று ஒருத்தி சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. துளசிமதி அப்போது நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவி. ஐந்தரை ஆண்டுப் படிப்பு, அதற்குள் பயிற்சி, பயணம், தேர்வு. வகுப்புக்கு ஓ.டி. வாங்க அலைந்து, செய்முறைத் தேர்வை வேறு நாளுக்கு மாற்றித் தரும்படி கெஞ்சிய எந்தக் கல்லூரி மாணவிக்கும் அதன் எடை தெரியும். மனிஷாவுக்கு வலது கையில் எர்ப்ஸ் பால்ஸி. என் கைக்கும் அவர் கைக்கும் ஒரே பெயர். 2022இல் உலக சாம்பியனாகிவிட்டவர் அவர்.

துளசிமதிக்குக் குறைபாடு இடது கையில், மனிஷாவுக்கு வலது கையில். எதிரெதிரே நின்றால் துளசிமதியின் இடப்பக்கமும் மனிஷாவின் வலப்பக்கமும் ஒரே ஓரக்கோட்டில் வரும். ஆடுகளத்தின் ஒரு பக்கம் முழுவதும் இரண்டு மட்டைகளுக்கு நடுவே, இன்னொரு பக்கம் முழுவதும் இரண்டு வராத கைகளுக்கு நடுவே. ஈரோட்டு அக்காவும் நானும் நின்றதும் இதே கணக்கில்தான். அறையில் இருந்த மற்றவர்கள் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மனிஷாவின் வலது காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்: பின்மூலைக்கு ஷட்டில் போகும்போது அது எப்போது கிளம்புகிறது என்று. முதல் கேம் 23-21 வரை போனது. இரண்டாவது 21-17. துளசிமதி ஜெயித்தார். மறுநாள் இறுதியாட்டத்தில், ஹாங்சோ ஆசியப் பாரா விளையாட்டு இறுதியில் தான் தோற்கடித்திருந்த சீனாவின் யாங் சியூசியாவிடம் 17-21, 10-21 எனத் தோற்று வெள்ளி வாங்கினார். மனிஷா டென்மார்க்கின் ரோசன்கிரெனை 21-12, 21-8 எனத் தோற்கடித்து வெண்கலம் வாங்கினார். ஓசூரைச் சேர்ந்த நித்யஸ்ரீ சிவனும் அதே நாளில் எஸ்.ஹெச்.6 பிரிவில் வெண்கலம் வாங்கினார். எஸ்.எல்.3 ஆண்கள் தங்கமும் அன்றுதான் வந்தது, நிதேஷ் குமாருக்கு. ரயில் விபத்தில் கால் இழந்து, மண்டி ஐ.ஐ.டி.யில் படிக்கப் போன இடத்தில் பேட்மிண்டனைப் பிடித்துக்கொண்டவர் அவர்.

படிக்கப் போன இடத்தில் பிடித்துக்கொள்வது என்பதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கத் தோன்றுகிறது. பாராலிம்பிக்கின் தொடக்கத்தைச் சொல்லும் எல்லோரும் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையிலிருந்து தொடங்குகிறார்கள். நாஜிகளிடமிருந்து தப்பி வந்த யூத நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மன், லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய 1948 ஜூலை 29 அன்று, முதுகுத்தண்டு அடிபட்ட 16 முன்னாள் படையினரை வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். 1960இல் ரோம் நகரில் நடந்த முதல் பாராலிம்பிக்குக்கு வழி அங்கிருந்து போனது. பெரிய மனிதர், பெரிய காரியம். அங்கே விளையாட்டு மருந்தாக வந்தது.

அதே 1948இல் அமெரிக்காவில் இன்னொன்றும் நடந்தது. ராணுவ மருத்துவமனையாக இருந்த கட்டடங்களில் இயங்கிய இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கேல்ஸ்பர்க் கிளையில், திமோத்தி நுஜென்ட் என்பவர் போரில் அடிபட்டவர்களையும் போலியோ வந்தவர்களையும் மாணவர்களாகச் சேர்த்தார். அவர்களுக்கென்று ஒரு சக்கர நாற்காலிக் கூடைப்பந்து அணி உருவானது. மறு ஆண்டே அந்தக் கிளையை மூடினார்கள். பல்கலைக்கழகத்தின் தயக்கத்தை மீறி நுஜென்ட் திட்டத்தை முதன்மை வளாகத்துக்குக் கொண்டுபோனார். 1949இல் தேசியச் சக்கர நாற்காலிக் கூடைப்பந்துச் சங்கம் பிறந்தது. அணி வந்த பிறகு சாய்தளமும் வந்தது, ஏறு தளம் வைத்த பேருந்தும் வந்தது. அந்த மாணவர்களுக்கு யாரும் சிகிச்சையாக விளையாட்டை எழுதிக் கொடுக்கவில்லை. மற்ற மாணவர்கள் தங்கள் கல்லூரிக்காக ஆடியதைப் போல அவர்களும் ஆடினார்கள், வேற்றூர் அணிகளோடு மோதி ஜெயித்துத் தோற்றுத் திரும்பினார்கள்.

எனக்கு வேண்டியது இந்த இரண்டாவது கதைதான். நம்மிடம் திறமைக்குக் குறைவில்லை. மாநிலம் பதக்கத்துக்குக் கோடிகளில் பரிசு தருகிறது. பாரிஸ் வெள்ளிக்கு 2 கோடி ரூபாய் தந்தது. முதலமைச்சர் கோப்பையில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. இவற்றையெல்லாம் நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் என் கல்லூரிக்காக, கல்லூரியின் பெயர் எழுதிய சட்டையைப் போட்டுக்கொண்டு, இன்னொரு கல்லூரிக்காரியோடு நான் ஓர் ஆட்டம் ஆடியதில்லை. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி அட்டவணையில் எனக்கு இடமில்லை. நான் மாநிலத்துக்காக ஆடலாம், ஒருவேளை ஒருநாள் நாட்டுக்காகவும் ஆடலாம். என் வகுப்புத் தோழிகள் வந்து கத்துகிற தூரத்தில் மட்டும் ஆட முடியாது. உலக மேடைக்குப் போகிறவர்கள் எப்போதும் ஒரு கைவிரல் எண்ணிக்கைதான். மீதிப் பேருக்கு விளையாட்டு என்பது பக்கத்து ஊர்க் கல்லூரியோடு ஆடித் தோற்று, பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு திரும்பி வருவது. அந்த மீதிப் பேரில் ஒருத்தியாக இருக்கும் உரிமை எனக்கும் வேண்டும். ஊக்கமூட்டும் உதாரணமாக நிற்பதைவிட அது எனக்கு முக்கியம்.

இதை எங்கள் உடற்கல்வி இயக்குநரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எத்தனை பேர் வருவாங்கம்மா?" என்று கேட்டார். சரியான கேள்வி. ஒரே பிரிவில் மூன்று பேர் இருந்தால்கூட ஒவ்வொருவரும் மற்ற இருவரோடு ஆடிவிடலாம் என்று சொன்னேன். ஆள் குறைவாக இருக்கிறது என்று எஸ்.எல்.3ஐயும் எஸ்.யூ.5ஐயும் ஒன்றாகச் சேர்த்து ஆடவிடக் கூடாது, பாதி ஆடுகளமும் முழு ஆடுகளமும் வேறு வேறு ஆட்டம் என்றும் சொன்னேன். "பேரைக் கொண்டா, டிரா போட்டுரலாம்" என்றார். பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதுவதாகவும் சொல்லியிருக்கிறார்.

அதனால் இப்போது மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர் என்று கல்லூரி கல்லூரியாக விசாரித்துக்கொண்டிருக்கிறேன். எளிதாக இல்லை. விளையாட்டு நேரத்தில் உட்கார வைக்கப்பட்டவர்கள் எந்தப் பட்டியலிலும் இருப்பதில்லை. தோழியின் தோழி, விடுதிக் காப்பாளர், நூலகத்தில் பார்த்த ஒருத்தி என்று வாய்வழியாகத்தான் தேட வேண்டியிருக்கிறது. சிலர் ஆடியதே இல்லை என்கிறார்கள். அவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் வரச் சொல்லியிருக்கிறேன், மட்டை என்னிடம் இருக்கிறது. திண்டுக்கல்லில் கணிதம் படிக்கும் ஒருத்தி மட்டும் பள்ளி நாட்களிலிருந்தே வீட்டுத் தெருவில் அண்ணன்களோடு ஆடுகிறாளாம். வலது கைக்காரி, குறைபாடு இடது கையில். ட்ராப் பிரமாதமாகப் போடுவாள் என்கிறார்கள். அவள் ஆடுவதைக் கைப்பேசியில் எடுத்து அனுப்பச் சொன்னேன், நேற்று வந்தது. தெருவிளக்கு வெளிச்சத்தில் எடுத்தது, சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் முன்மூலைக்குப் பாய்ந்துவிட்டுத் திரும்பும்போது கொஞ்சம் தாமதிக்கிறாள் என்றுதான் தோன்றுகிறது. பகலில் எடுத்த ஒன்று அனுப்பு என்று கேட்டிருக்கிறேன். அவளும் என் ஆட்டத்தின் காணொலி ஒன்று கேட்டிருக்கிறாள்.